கடலோரம், ஒரு பை, ஓர் அடுக்குக் கட்டில்: முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

முதல் பயணத்தில் என் பை 13 கிலோ. மூன்றாம் நாள் ஒரு கடைத் தராசில் சும்மா வைத்துப் பார்த்தேன், 15 காட்டியது. இடையில் நான் எதையும் வாங்கவில்லை. காயாத ஜீன்ஸ், காயாத கனத்த துண்டு, காயாத பனியன். இரண்டு கிலோ தண்ணீரைத் துணிக்குள் வைத்துச் சுமந்திருக்கிறேன்!

வெப்பமண்டலக் கடற்கரையில் தூரம் யாரையும் அவ்வளவாகப் படுத்துவதில்லை, ஈரம்தான் படுத்தும். வியர்வை, மழை, உப்புக்காற்று, அலை என்று ஏதாவது ஒன்று நாள் முழுக்க உங்களை நனைத்துக்கொண்டே இருக்கும். எதை எடுத்துப்போவது, எத்தனை மணிக்கு நடப்பது, எந்த விடுதியில் தங்குவது என்று கீழே சொல்லப்போகிற பலதும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் காலண்டர், அப்புறம் வரைபடம்

இடத்தை முடிவு செய்துவிட்டு, எப்போது போகலாம் என்று யோசிப்பதுதான் வழக்கம். கடற்கரைக்கு அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். உங்களுக்கு லீவு கிடைக்கிற மாதத்தில் எந்தக் கரை அமைதியாக இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நாட்டுக்குள்கூட இரண்டு கரைக்கு இரண்டு பருவம் இருக்கும். இலங்கையின் தெற்கு, தென்மேற்குக் கரைகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் சாதுவாக இருக்கும். அறுகம் குடா இருக்கிற கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத்தில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். எதிர்ப்பக்கம் இருக்கிற சாமுய் தீவில் அடைமழை பெய்வது அக்டோபர், நவம்பரில். கரீபியன் பக்கம் என்றால் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம்.

மழைக்காலத்தில் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கட்டில் வாடகை குறையும், கூட்டமும் இருக்காது. ஆனால் படகு ஓடாது, கடலில் இறங்க முடியாது, துணி காயவே காயாது. முதல் பயணத்துக்கு வேண்டாம்.

வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், பல நாடுகள் கேட்கும். அந்த நாட்டைவிட்டுக் கிளம்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்லி விமான நிலையத்திலேயே நிறுத்துவதும் உண்டு. பயணக் காப்பீட்டில் ஸ்கூட்டர் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கடலோர ஊர்களில் புதிதாக வருகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் வாடகை ஸ்கூட்டரில்தான். சரியான ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால் காப்பீடும் கைவிட்டுவிடும்.

பை

40 லிட்டர் பை போதும். 60 லிட்டர் வாங்கினால் அந்த 60-ஐயும் நிரப்பாமல் விடமாட்டோம், மனுஷ சுபாவம் அது. நிரப்பி முடித்ததும் எடை போடுங்கள், தண்ணீர் இல்லாமல் 8 கிலோவுக்குள் நிற்க வேண்டும். குறைந்த கட்டண விமானங்கள் பலவற்றில் கையோடு கொண்டுபோகும் பைக்கு 7 கிலோதான் வரம்பு. அதற்குள் அடக்கிவிட்டால் காசும் மிச்சம், விமான நிலையத்தில் பை வரும் பெல்ட் முன்னால் காத்துக்கிடக்கும் நேரமும் மிச்சம்.

கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே ஏழெட்டு கிலோ எதையாவது போடச் சொல்லி, மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். இடுப்புப் பட்டை வயிற்றை இறுக்கக்கூடாது. இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் இடுப்பெலும்பின் மேல் அது உட்கார வேண்டும். பாரத்தில் பெரும்பங்கை இடுப்புதான் தாங்க வேண்டும், தோளுக்கு மிச்சம் மீதி வந்தால் போதும். கனமான பொருட்களை முதுகை ஒட்டி வையுங்கள்.

துணிக்கு ஒரே ஒரு பரீட்சைதான். இரவு 9 மணிக்குத் துவைத்துப் பிழியுங்கள். பிழிந்ததை ஒரு காய்ந்த துண்டுக்குள் பாய் மாதிரி சுருட்டி, மேலே ஏறி நின்று மிதியுங்கள். மிச்சமிருக்கும் தண்ணீரைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மின்விசிறிக்குக் கீழே கொடியில் போடுங்கள். காலை 6 மணிக்குத் தொட்டுப் பாருங்கள், முக்கியமாகத் தையல் ஓரங்களையும் இடுப்புப் பட்டியையும். காய்ந்திருந்தால் அது வரலாம். இல்லையென்றால் எவ்வளவு பிடித்த சட்டையானாலும் வீட்டிலேயே இருக்கட்டும். ஜீன்ஸ் இதில் தேறவே தேறாது. கனத்த பூந்துவாலையும் தேறாது, மெல்லிய பருத்தித் துண்டு தேறிவிடும்.

தேறியவற்றில் மூன்று செட் எடுங்கள்: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று பையில். அதற்கு மேல், என்ன ஆனாலும் நனையக்கூடாத ஓர் இரவு உடுப்பு. அதைத் தனியாக ஒரு ஜிப் கவரில் போட்டு மூடிவிடுங்கள். நாள் முழுக்க மழையில் ஊறிவிட்டு வந்து, குளித்து, அந்தக் காய்ந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளும்போதுதான் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

பைக்கு வெளியே போடும் மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் அது மூடாது, தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். பைக்குள்ளேயே தடித்த பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, வாயை முறுக்கி மடக்கிவிடுங்கள்.

மற்றவை சில்லறைச் சாமான்கள்தான், ஆனால் இல்லாவிட்டால் தவித்துப்போவோம். நாலைந்து மீட்டர் நைலான் கயிறு. காதடைப்பான். சின்னப் பூட்டு இரண்டு, வளையம் மெல்லியதாக (தடித்த வளையம் பல லாக்கர்களின் துளையில் நுழைவதில்லை). குளியலறைக்கு ரப்பர் செருப்பு, நடக்கப் பின்பட்டை வைத்த சாண்டல். தலையில் மாட்டும் டார்ச் வாங்கும்போது சிவப்பு வெளிச்சமும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பத்துப் பேர் தூங்கும் அறையில் வெள்ளை டார்ச்சை அடித்தால் பத்துப் பேரும் எழுந்துவிடுவார்கள். ஆமை முட்டையிட வரும் கரைகளில் இரவில் வெள்ளை வெளிச்சம் ஆமைகளையும் குழப்பிவிடும்.

போனைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள். சார்ஜ் போடும் துளையில் ஈரம் இருக்கிறது என்று போன் எச்சரித்தால், அவசரப்பட்டு வயரைச் சொருகாதீர்கள். துளையைக் கீழ்நோக்கி வைத்து மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். உப்பு ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் துளை அரித்துப்போகும்.

எந்த விடுதி, எந்தக் கட்டில்

ஹாஸ்டல் என்றதும் கல்லூரி விடுதி ஞாபகம் வரலாம், இது வேறு. இங்கே அறைக்கு வாடகை கிடையாது, கட்டிலுக்குத்தான். மாணவர்களை ஊர் ஊராக நடத்திக் கூட்டிப்போன ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானிய ஆசிரியர், ஆல்டேனா கோட்டையில் 1912-இல் திறந்த விடுதியிலிருந்து தொடங்குகிறது இந்த ஏற்பாடு. தெரியாத நாலு முதல் பன்னிரண்டு பேர் வரை ஓர் அறையில் படுப்பார்கள். குளியலறை பொது, பல இடங்களில் சமையலறையும் பொது.

முதல் இரண்டு இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள். மொத்தப் பயணத்துக்கும் பதிவு செய்துவிட்டு, பிடிக்காத ஊரில் நான்கு நாள் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பண்டிகை நாட்களும் நீண்ட வாரயிறுதிகளும் மட்டும் விதிவிலக்கு.

விமர்சனங்களைப் படிக்கும்போது புதியவை முதலில் வருமாறு வைத்து, கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியதை மட்டும் படியுங்கள். அதற்குள் மூட்டைப்பூச்சி, லாக்கர், சத்தம், தண்ணீர் போன்ற சொற்களைத் தேடுங்கள். ‘அருமை’ என்று எழுதிய நூறு பேரைவிட, ‘துணி காயப்போட இடமில்லை’ என்று எழுதிய ஒருவர்தான் நமக்கு வேண்டியவர். மொட்டை மாடியோ வெயில் விழும் முற்றமோ புகைப்படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். கொடியில் நாலு துணி தொங்கும் படம் இருந்தால், அந்த விடுதியை நான் பாதி முடிவு செய்துவிடுவேன்.

ஏ.சி. அறையா, மின்விசிறி அறையா? ஏ.சி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும், துணி சீக்கிரம் காயும். ஆனால் ராத்திரி குளிரில் நடுங்கிவிட்டுக் காலையில் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறையும். நான் காற்றோட்டமுள்ள மின்விசிறி அறையைத்தான் எடுப்பேன். தொடர்ந்து மழை பெய்யும் வாரத்தில் மட்டும் ஒருநாள் ஏ.சி. எடுத்து, எல்லாவற்றையும் காயவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

போய்ச் சேர்ந்ததும் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்பார்கள். நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். ‘கிளம்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் வேறு இடம் பாருங்கள். தனியாகப் போகும் பெண்களுக்குப் பெண்கள் மட்டும் தங்கும் அறை பல விடுதிகளில் உண்டு. அதோடு, இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பார்களா என்பதையும் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கட்டிலில் பையைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. விரிப்பை மூலையில் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டில் சட்டம் சேரும் இடுக்குகளையும் பாருங்கள். துரு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் மூட்டைப்பூச்சி. அறை மாற்றிக் கேளுங்கள், பக்கத்துக் கட்டிலை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கடலுக்குப் பக்கத்திலேயே தங்கினால், வந்த அன்று சாயங்காலமே உயரமான இடத்துக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிற்க முடியாத அளவுக்கு நிலம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் பையை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

நடக்கும் நாள்

விடியும் முன் எழுந்து, முதல் வெளிச்சத்தில் கிளம்பி, வெயில் ஏறும் முன் நடையை முடித்துவிடுவதுதான் உத்தமம். 10 மணியிலிருந்து 4 மணி வரை நிழலில் இருங்கள். வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு என்று ஓர் எண் இருக்கும். 11-ஐத் தொட்டாலே அது உச்ச வகை, இந்தக் கரைகளில் நண்பகலில் அது சாதாரணம். மேகம் மூடியிருந்தாலும் தோல் கருகும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளித்து எழுந்தால் மறுபடியும் பூசுங்கள். முழுக்கைச் சட்டை அதைவிட நல்லது, வியர்வையில் அழியாது. எல்லாரும் மறக்கிற இடம் புறங்கால். சாண்டல் பட்டையின் வடிவம் என் காலில் ஐந்து மாதம் அச்சடித்தது போல் இருந்தது.

முதல் மூன்று நாள் அரை தூரம்தான். உடம்பு வெக்கைக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காய்ந்த பொலபொல மணலில் நடக்க, கெட்டித் தரையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சக்தி வேண்டும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் நடைபாதை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும், கடல் பக்கக் கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். ஒரே திசையில் மூன்று மணி நேரம் நடந்தால் ராத்திரி ஒரு பக்க இடுப்பு மட்டும் வலிக்கும். அவ்வப்போது சாலைக்கு ஏறிக் கொஞ்சதூரம் நடங்கள்.

ஈர மணல் எப்போது கிடைக்கும் என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. ஒருமுறை மத்தியானம் ஒரு பாறை முனையைச் சுற்றி அடுத்த வளைகுடாவுக்குப் போனேன். போகும்போது மணல் அகலமாகக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினால் மணலே இல்லை. முழங்காலுக்கு மேல் தண்ணீர், அலை வரும்போது இடுப்பு வரை. பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அலை பின்வாங்கும் இடைவெளியை எண்ணி எண்ணி ஓடி வந்தேன். ஒரு செருப்பு போயிற்று. அன்று பௌர்ணமி என்பதை ராத்திரி வானத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரும்பாலான கரைகளில் கடல்நீரின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம் இருக்கும். அதனால் இன்று வந்த நேரம் நாளை 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிக உயரத்துக்கு வரும், வற்றும்போதும் வெகுதூரம் வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இந்த வித்தியாசம் குறைவு. ஏற்றம், வற்றம் எப்போது என்ற அட்டவணை ஊர்வாரியாக இணையத்தில் கிடைக்கும். தண்ணீர் மிகக் கீழே வற்றும் நேரம் காலை 8 மணி என்றிருந்தால் 6 மணிக்குக் கிளம்புங்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நடப்பீர்கள், பாறை முனைகளை 8 மணிக்குள் தாண்டிவிடலாம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை, ஆழமில்லை என்று யார் சொன்னாலும், பையோடு இறங்கிக் கடக்காதீர்கள். இழுப்பு பலமாக இருக்கும், வெப்பமண்டலத்தில் பல முகத்துவாரங்களில் முதலையும் இருக்கும். படகு பிடியுங்கள், இல்லையென்றால் பாலம் வரை சுற்றிப் போங்கள்.

தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே நடங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. வியர்வையில் உப்பும் போகிறது, ஆகவே நாள் முழுக்க வெறும் தண்ணீரோடு ஓட்டாமல் ஏதாவது சாப்பிடுங்கள். கூட வந்தவர் உளற ஆரம்பித்தாலோ, தள்ளாடினாலோ அது சாதாரணக் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உதவிக்கும் ஆளனுப்புங்கள்.

இளைப்பாற உட்காரும்போது தலைக்கு மேல் காய்த்த தென்னை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தென்னைக்கு நடுவே ஊஞ்சல் கட்டிய புகைப்படங்களைப் பார்த்தால் எனக்குப் பகீர் என்கிறது.

கடலில் இறங்கும்போது

சிவப்பு–மஞ்சள் கொடிகள் நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் குளியுங்கள், உயிர்காப்பாளர் பார்வை அங்கேதான். ஒற்றைச் சிவப்பு ஆபத்து, இரட்டைச் சிவப்பு இறங்கவே தடை. ஊதாக் கொடி கொட்டும் பிராணிகளுக்கு.

கொடி இல்லாத கரையில் ஐந்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். வரிசையாக நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் நுரையில்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர் அங்கேதான் இறங்குவார். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் சேர்ந்து கடலுக்குத் திரும்பும் பாதை அது. சிக்கினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், நீச்சல் வீரராலும் முடியாது. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். அந்த நீரோட்டம் உள்ளே இழுத்துக்கொண்டுதான் போகும், அடியில் அமுக்காது. இது தெரிந்திருந்தால் பதற்றம் பாதி குறையும்.

மணல் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிவிடும். முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்யுங்கள்.

பத்துப் பேர் தூங்கும் அறையில்

விடியற்காலையில் கிளம்புகிறவர் முந்தைய இரவே பையைக் கட்டி வைக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்கு ஒருவர் பிளாஸ்டிக் கவர்களைச் சரக் சரக் என்று பிரித்து மடக்குவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தால், எவ்வளவு பொறுமைசாலிக்கும் கோபம் வரும். கவருக்குப் பதில் துணிப்பைகளில் பிரித்து வையுங்கள். மிச்சமிருப்பதை வாரிக்கொண்டு வெளியே போய் அடுக்குங்கள். அலாரம் ஒரே முறைதான் அடிக்க வேண்டும். போன் பேச்சு வராந்தாவில்.

ஈரத் துணியை மேல் கட்டில் கம்பியில் போடாதீர்கள், கீழே படுத்திருப்பவர் முகத்தில் சொட்டும். இதை நான் இரண்டு பக்கத்திலிருந்தும் அனுபவித்திருக்கிறேன். கயிறு கொண்டுவரச் சொன்னதே மாடியில் கட்டத்தான். மழையென்றால் வராந்தா.

பணம், பாஸ்போர்ட், ஒரு கார்டு லாக்கரில். அன்றைய செலவுக்கானது மட்டும் சட்டைப் பையில். இன்னொரு கார்டு பெரிய பையின் அடியில். குளிக்கப் போகும் இரண்டு நிமிடத்துக்கும் லாக்கரைப் பூட்டுங்கள். அறையிலிருப்பவர்கள்மீது சந்தேகப்படச் சொல்லவில்லை, பூட்டிய பொருளைப் பற்றி யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்காது. பொதுச் சமையலறைக் குளிர்பெட்டியில் வைப்பதில் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதிவிடுங்கள்.

உடம்பு

டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிக்கும், மலேரியா கொசு இரவில். அதனால் கொசு மருந்து இரண்டு வேளைக்கும் வேண்டும். டீட் (DEET) என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் 20 முதல் 30 சதவீதம் உள்ளது போதும். சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்குவா இல்லையா என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் பக்கம் போகாதீர்கள், ரத்தக்கசிவு ஆபத்து.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு வையுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பவளப்பாறை கீறினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள், அன்றே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், சீக்கிரம் சீழ் பிடிக்கும். ராத்திரி படுக்கும்முன் கால்விரல் இடுக்குகளைத் துடைத்துக் காயவிடுங்கள். தொடை உரசும் இடத்தில் காலையிலேயே கொஞ்சம் வாசலின்.

திரும்பி வந்ததும்

பையைப் பரணில் தூக்கிப் போடாதீர்கள். காலி செய்து, தலைகீழாகத் தட்டி, உள்ளே மணல் போகக் கழுவுங்கள். முக்கியமாக ஜிப்புகளை ஒரு பழைய பல்துலக்கியால் நல்ல தண்ணீரில் தேயுங்கள். உப்பு அங்கேயே காய்ந்துவிட்டால் அடுத்த முறை ஜிப் நகராது. பூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பையை இரண்டு நாள் காற்றில் தொங்கவிடுங்கள்.